பிர்னோவில் குடியிருந்துகொண்டே "பிர்னோவுக்குப் போகிறேன்" என்கிறார்களே, ஏன்?

#1 லீஷென்வாசி

எல்லோருக்கும் வணக்கம். செக் நாட்டின் பிர்னோ நகரத்துக்கு வந்து இது மூன்றாவது வருடம். போன வருடம்வரை நடு ஊரில் வாடகைக்கு இருந்தோம். இப்போது நகரத்தின் ஓரத்தில் உள்ள லீஷெனின் பழைய பகுதியில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறோம். கீழே வீட்டுக்காரப் பாட்டி. எண்பத்தைந்து வயது, என்னைவிடச் சுறுசுறுப்பு.

போன சனிக்கிழமை படியில் எதிர்ப்பட்டார். தேய்த்த கோட்டு, தலையில் தொப்பி, கையில் தோல் பை. எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று என் அரைகுறைச் செக்கில் கேட்டேன். "யெடு டோ ப்ர்னா" என்றார். பிர்னோவுக்குப் போகிறாராம்!

என் முகவரியில் பிர்னோ. அஞ்சல் குறியீட்டுக்குப் பக்கத்தில் பிர்னோ. மாதாந்தரப் பயணச்சீட்டும் பிர்னோ. 8-ஆம் எண் ட்ராம் புது லீஷென் அடுக்குமாடிகள்வரை வருகிறது. அப்படியிருக்க, பாட்டி ஏதோ வெளியூருக்குக் கிளம்புகிற மாதிரி சொல்கிறார். இது இவர் ஒருவர் வழக்கமா, இல்லை எல்லோரும் இப்படித்தானா?

அப்புறம் இன்னொரு சந்தேகம். இங்கேயே ஒரு சின்ன வீடு வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். தரகர் காட்டிய நிலப்பதிவுத் தாளில் ஊராட்சி என்ற இடத்தில் பிர்னோ என்றும், அதற்குக் கீழே "கடாஸ்த்ரால்னி ஊஸெமீ: லீஷென்" என்றும் போட்டிருக்கிறது. இது என்ன கணக்கு?

#2 பழையவரைபடம்

பாட்டி சரியாகத்தான் சொல்கிறார். அவருக்கு நாலைந்து வயது இருக்கும்போதுதான் லீஷென் பிர்னோவோடு சேர்ந்தது. 1944, ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம். அதுவரை லீஷென் தனி ஊர். சாதாரணக் கிராமம்கூட இல்லை, "மெஸ்டிஸ்" அந்தஸ்து, அதாவது சந்தை கூடும் உரிமை உள்ள பேரூர். சொந்த மாளிகை (பெல்க்ரெடி பிரபுக் குடும்பத்துடையது), தனிக் கோயில், தனிப் பேச்சுவழக்கு, தனி உடை.

நான் பதினெட்டு வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். துரானி, ஜெபெடீன், ஹ்ர்லிட்சே என்று ஓரத்தில் இருக்கும் எந்தப் பகுதியில் வயதானவர்களைக் கேட்டாலும் இதே பேச்சுதான். "பிர்னோ" என்றால் அவர்களுக்கு ட்ராமில் ஏறி இறங்கும் அந்த நடு ஊர். தாங்கள் குடியிருப்பது அது இல்லை.

#3 கார்த்தூசியன்

நான் க்ராலோவோ போலேவில் படிக்கிறேன், தகவல் தொழில்நுட்பப் புலம். எங்கள் வளாகத்தின் ஒரு பகுதி பழைய கார்த்தூசியத் துறவிகளின் மடம். 1375-இல் மொராவியாவின் (பிர்னோ இருக்கும் பிரதேசம்) மார்க்கிரேவ், அதாவது ஆட்சியாளர், யான் இந்த்ரிஹ் நிறுவியது. பேரரசர் நான்காம் கார்லின் தம்பி. துறவிகள் வாய் திறக்காமல் இருந்த இடத்தில் நாங்கள் கம்பைலரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே "பிர்னோவுக்குப் போகிறேன்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நடுவே இடைவெளியே இல்லையே, ஒரே தெருவாகத்தான் போகிறது. ஆனால் ரயில் நிலையத்தின் பெயர் "பிர்னோ–க்ராலோவோ போலே". அரசன் வயல் என்று பொருள். இதுவும் ஒரு காலத்தில் தனி ஊரா?

#4 பழையவரைபடம்

தனி ஊர் மட்டுமா, தம்பி! 1905-லிருந்து நகர அந்தஸ்தே இருந்தது. பதினாலு வருடம் நகரமாக இருந்துவிட்டு, 1919-இல் பிர்னோவின் ஒரு பகுதியாகிவிட்டது.

இந்த 1919 கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பெரிய நகரம் பக்கத்துக் கிராமங்களை விழுங்கிவிட்டது என்று. நடந்தது கிட்டத்தட்ட அதற்கு எதிர்.

1910 கணக்கெடுப்பில் பிர்னோ நகரத்துக்குள் சுமார் 1,26,000 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் ஜெர்மன் பேசுவோராகப் பதிவானவர்கள். நகராட்சி அவர்கள் கையில். ஆனால் நகர எல்லையை ஒட்டி வெளியே இருந்த ஜிடெனிட்சே, ஹுசோவிட்சே, ஜபோவ்ர்ஷெஸ்கி, க்ராலோவோ போலே எல்லாம் பெரும்பாலும் செக் பேசும் ஊர்கள். நகரத்து நெசவாலைகளிலும் இயந்திரத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்தவர்களில் கணிசமானோர் அங்கேதான் குடியிருந்தார்கள். காலையில் நகரத்துக்குள் வருவார்கள், சாயங்காலம் எல்லை தாண்டி வீடு போவார்கள், ஓட்டை வெளியே போடுவார்கள். நகராட்சிக்கு இது வசதி. ஊர்களைச் சேர்த்துக்கொண்டால் வரி வரும், மனை வரும், ஆனால் ஓட்டும் சேர்ந்து வருமே! அதனால் எல்லை இழுத்துக் கட்டியபடியே இருந்தது.

1918 அக்டோபரில் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. ஆறே மாதத்தில், 1919 ஏப்ரல் 16-ஆம் தேதி, பெரு பிர்னோவை உருவாக்கும் சட்டம் நிறைவேறியது. 23 ஊர்கள் ஒரே வீச்சில் உள்ளே வந்தன. அதில் இரண்டு, க்ராலோவோ போலேவும் ஹுசோவிட்சேவும், நகர அந்தஸ்து உள்ளவை. 1921 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,21,000-ஐத் தாண்டியது, ஜெர்மன் பேசுவோர் கால் பங்காகிவிட்டார்கள்.

ஆக, யார் யாரை விழுங்கியது? கிராமங்கள் போய் நகராட்சி மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டன என்றுதான் நான் சொல்வேன்.

#5 கார்த்தூசியன்

அடேயப்பா. தினமும் அந்த ரயில் நிலையம் வழியாகத்தான் போகிறேன், இது தெரியவே தெரியாது.

#6 சட்டப்புத்தகம்

அண்ணா சொல்வது சரிதான், ஆனால் முழுக்க மொழிக் கணக்காக ஆக்கிவிட வேண்டாம். பிர்னோவில் குதிரை ட்ராம் 1869-லேயே ஓடியது, இன்றைய செக் நாட்டில் அதுதான் முதல். தண்ணீர்க் குழாய், கழிவுநீர், ட்ராம் தடம், தொழிலாளர் குடியிருப்பு, இதெல்லாம் ஊர் எல்லையைப் பார்த்து நிற்காது. எந்த ஆட்சி வந்திருந்தாலும் ஐந்து பத்து வருடத்தில் சேர்த்துத்தான் இருப்பார்கள். தலைநகர் பிராகாவில் (ப்ராக்) மொழிச் சமன்பாடு அப்போது பிரச்சினையே இல்லை, அங்கேயும் அதே காலத்தில் சேர்த்தார்கள் இல்லையா?

#7 பழையவரைபடம்

சேர்த்திருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு மாதத்தில் செய்த அவசரத்துக்குத் தண்ணீர்க் குழாய் காரணமில்லை. பிராகாவுக்கான சட்டம் 1920-இல் வந்து, 1922 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அங்கே நிதானமாகச் செய்தார்கள். பிர்னோவில் உள்ளாட்சித் தேர்தல் வருவதற்குள் முடித்தாக வேண்டியிருந்தது.

சேர்ந்த ஊர்களில் சிலவற்றில், குறிப்பாகத் தெற்குப் பக்கம், ஜெர்மன் பேசுவோரும் கணிசமாக இருந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

#8 வினொஹ்ராடியில்_தேநீர்

பிராகா பேச்சு வந்ததால் நுழைகிறேன். நான் இருப்பது வினொஹ்ராடி. திராட்சைத் தோட்டங்கள் என்று பொருள். இதன் பழைய முழுப்பெயர் "க்ராலோவ்ஸ்கே வினொஹ்ராடி", அரச திராட்சைத் தோட்டங்கள். 1879-இல் நகரமானது. பக்கத்து ஜிஷ்கொவ் 1881-இல் நகரமானது. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் முதலில் ஒரே ஊராட்சி, 1875-இல் பிரிந்தன. ஒரு பக்கம் வசதியானவர்களின் மாளிகைகள், இன்னொரு பக்கம் தொழிலாளர்களின் அடுக்கு வீடுகள். இன்றைக்கும் ஜிஷ்கொவ்காரர்கள் தங்கள் பகுதியைச் "சுதந்திரக் குடியரசு" என்று கேலியும் பெருமையுமாகச் சொல்வார்கள்.

அமைதிச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பெரிய நாடக அரங்கம் இருக்கிறதே, 1907-இல் திறந்தது. அதைக் கட்டியபோது இது பிராகா கிடையாது. தனி நகரம், பிராகாவுக்குப் போட்டியாகக் கட்டியது. அப்படி மார்தட்டிய ஊர் 1922-இல் உள்ளே வந்தது. இப்போது நிர்வாகத்தில் வினொஹ்ராடி என்று ஓர் அலுவலகமே இல்லை. பிராகா 2, பிராகா 3, பிராகா 10 என்று கூறுபோட்டுவிட்டார்கள். ஒரே தெருவில் நடந்துபோனால் மாவட்ட எண் மாறும்.

ஆனால் வீட்டுச் சுவரைப் பாருங்கள். இரண்டு பலகை. நீலப் பலகையில் தெருவில் எத்தனையாவது வீடு என்ற எண். சிவப்புப் பலகையில் வேறொரு எண், அதன் மேலே "வினொஹ்ராடி" என்று ஊர்ப்பெயர். சிவப்பு எண்தான் மூத்தது. 1770-இல் மரியா தெரேசா காலத்தில், படைக்கு ஆள் எடுக்கவும் வரிக்குமாக வீடுகளை எண்ணத் தொடங்கியபோது வந்த முறை. ஒவ்வோர் ஊரிலும் 1-இலிருந்து ஆரம்பம், வீடு கட்டக் கட்ட அடுத்த எண். அதனால் 40-ஆம் எண் வீட்டுக்குப் பக்கத்தில் 1212 இருக்கும். புதிதாக வந்தபோது சிவப்பு எண்ணைப் பார்த்து ஒருமணி நேரம் தெருவில் அலைந்திருக்கிறேன். கடைசியில் கூரியர் பையன் சொல்லிக்கொடுத்தான், நீலத்தைப் பார் என்று.

பிராகாவுக்குள் எத்தனை "1-ஆம் எண் வீடு" இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நகரத்தில் 112 கடாஸ்ட்ரல் பகுதிகள், அதாவது நிலப்பதிவுக்கான பிரிவுகள். லீஷென்வாசி பார்த்த தாளில் இருப்பதும் இதேதான்.

#9 லீஷென்வாசி

அக்கா, இப்போது புரிகிறது. அப்படியென்றால் ஊராட்சி போய்விட்டாலும் நிலப்பதிவில் ஊர் சாகவில்லை!

#10 ஒஸ்த்ராவா_கரி

பெயர் சாகாமல் இருப்பதைப் பற்றி ஒஸ்த்ராவாக்காரன் சொன்னால்தான் எடுபடும். நிலக்கரி வந்ததும் கிராமங்கள் இருபது முப்பது வருடத்தில் நகரமாக வீங்கின, வீங்கிய கையோடு இணைக்கப்பட்டன. ப்ர்ஷீவொஸ் 1900-இல் நகரமானது. வியன்னாவின் பேர்பெற்ற நகரமைப்பாளர் கமிலோ ஸிட்டேவைக் கூப்பிட்டு சதுக்கம், கோயில், நகராட்சி மண்டபம் என்று வரையச் சொன்னார்கள். எத்தனை கனவு பாருங்கள். 1924 ஜனவரி 1-ஆம் தேதி பெரு ஒஸ்த்ராவாவில் ஐக்கியம். நகராட்சி மண்டபம் இன்று ஒஸ்த்ராவா நகரின் ஆவணக் காப்பகம். இதைவிடப் பொருத்தமான வேலை அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்திருக்காது.

பக்கத்திலேயே மரியான்ஸ்கே ஹோரி. இதன் பழைய பெயர் செர்டோவா ல்ஹோட்கா. "செர்ட்" என்றால் பிசாசு. "ல்ஹோட்கா" என்பது குடியேறியவர்களுக்குச் சில காலம் வரிவிலக்குக் கொடுத்து உண்டாக்கிய ஊர்களின் பெயர், செக் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஆக, பிசாசின் வரிவிலக்குக் கிராமம்! 1901-இல் அதை மரியாளின் குன்றுகள் என்று மாற்றினார்கள். பிசாசிடமிருந்து நேரே மாதாவிடம். 1907-இல் நகரம், 1924-இல் அதுவும் உள்ளே.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்லெஸ்கா ஒஸ்த்ராவா, சிலேசிய ஒஸ்த்ராவா. 1919 வரை அதன் பெயர் போலந்து ஒஸ்த்ராவா. ஒஸ்த்ராவிட்சே ஆறுதான் மொராவியாவுக்கும் சிலேசியாவுக்கும் எல்லை, அதனால் அதை 1924-இல் சேர்க்கவில்லை. 1941-இல் ஜெர்மானியர்கள்தான் சேர்த்தார்கள். லீஷென் மாதிரியே. போர் முடிந்தபின் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

#11 கார்த்தூசியன்

ஆக்கிரமித்தவர்கள் செய்ததைப் போருக்கப்புறம் ஏன் ரத்து செய்யவில்லை? மற்றதையெல்லாம் ரத்து செய்தார்களே.

#12 ஒஸ்த்ராவா_கரி

நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தது, வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, தம்பி.

இதைவிட விசித்திரம் வேண்டுமானால் கர்வினாவுக்கு வாருங்கள், ஒஸ்த்ராவாவிலிருந்து அரைமணி நேரம். 1948-இல் ஃப்ரிஷ்டாட், கர்வினா, இன்னும் சில ஊர்களைச் சேர்த்து ஒரே நகரமாக்கினார்கள். ஃப்ரிஷ்டாட்தான் பழைய நகரம், சதுக்கமும் மாளிகையும் அங்கேதான். கர்வினா சுரங்க ஊர். ஆனால் புது நகரத்துக்குக் கர்வினா என்ற பெயர். அப்புறம் அந்தப் பழைய கர்வினாவின் கீழேயே சுரங்கம் தோண்டித் தோண்டி, நிலம் உள்வாங்கி, வீடுகளை இடித்து ஆட்களை வெளியேற்றினார்கள். இன்று அங்கே போனால் புதர், மரங்கள், நடுவில் ஒரு கோயில். அல்கன்டாராவின் புனித பேதுரு கோயில். சுமார் 37 மீட்டர் கீழே இறங்கிவிட்டது, கிட்டத்தட்ட ஏழு டிகிரி சாய்ந்து நிற்கிறது. உள்ளே நுழைந்தால் தலை சுற்றும், தரை ஒரு பக்கம் இழுக்கும்.

அதாவது கர்வினா என்ற ஊர் போய்விட்டது, அதன் பெயர் ஃப்ரிஷ்டாட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ரிஷ்டாட் என்ற ஊர் இருக்கிறது, அதன் பெயர் ஒரு பேட்டையின் பெயராகச் சுருங்கிவிட்டது.

#13 சட்டப்புத்தகம்

கர்வினா கதை தொண்டையை அடைக்கிறது.

#14 வினொஹ்ராடியில்_தேநீர்

மூழ்கின ஊர் என்றால் பிர்னோவிலேயே ஒன்று இருக்கிறதே? அணைக்கட்டுப் பக்கம்?

#15 பழையவரைபடம்

ஆமாம், க்னீனிச்கி. "ப்ரிகல்" என்று பிர்னோக்காரர்கள் செல்லமாகச் சொல்லும் ஏரி, கோடையில் பாதி நகரம் அங்கேதான் கிடக்கும். 1936-இல் அணை வேலை தொடங்கி 1940-இல் முடிந்தது. க்னீனிச்கி கிராமம் முழுவதும் தண்ணீருக்கடியில் போனது. அணைக்குக் கீழே அதே பெயரில் புது ஊர் கட்டிக் குடியேற்றினார்கள், பின்னர் அதையும் நகரத்தோடு சேர்த்தார்கள். முதலில் ஏரிக்குள் போய், பிறகு நகரத்துக்குள்ளும் போன ஊர். இன்று அது பிர்னோவின் 29 நகரப் பகுதிகளில் ஒன்று. தனிப் பேரவை, தனி ஸ்டாரொஸ்டா, அதாவது தலைவர், எல்லாம் உண்டு.

#16 கார்த்தூசியன்

29 பகுதிக்கும் 29 தலைவர்களா? இவ்வளவு சின்ன நகரத்துக்கு?

#17 வினொஹ்ராடியில்_தேநீர்

பிராகாவில் 57! அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1968-இல் 21 ஊர்களையும், 1974 ஜூலை 1-ஆம் தேதி இன்னும் 30 ஊர்களையும் சேர்த்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நிலம் வேண்டும், அவ்வளவுதான். ஸ்ப்ரஸ்லவ், ராடொடீன், உஹ்ர்ஜினிவெஸ் எல்லாம் நகர அந்தஸ்து உள்ளவை. ஸ்ப்ரஸ்லவில் 1292-இல் இரண்டாம் வாட்ஸ்லவ் மன்னன் நிறுவிய மடம் இருக்கிறது, செக் மன்னர்கள் சிலரை அடக்கம் செய்த இடம். அந்த ஊரைப் போய் ஒரு புறநகராக்கினார்கள்.

ஆனால் தூரத்தில் இருந்ததால் அந்த ஊர்களின் உள்ளூர்க் குழுக்களை அப்படியே விட்டுவைத்தார்கள். 1990-இல் உள்ளாட்சி மறுபடி வந்தபோது, குழு இருந்த இடமெல்லாம் நகரப் பகுதி ஆனது. அதனால்தான் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பிராகா 4-ம் ஒரு பகுதி, முந்நூற்றுச் சொச்சம் பேர் உள்ள நெட்வ்யெஸீயும் ஒரு பகுதி. நெட்வ்யெஸீக்கு ஒருநாள் பஸ்ஸில் போனேன். வயல், குளம், கோழி. பத்துப் பதினைந்து நிமிடம் நின்றதில் ஒரு டிராக்டரைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. ஐரோப்பியத் தலைநகர் ஒன்றின் உள்ளே!

இன்னொரு பக்கம் ஹாயே, ஹொடொவ். 1970-களில் தெற்கு நகரம் என்று பெரிய அடுக்குமாடிக் காடு கட்டினார்கள். ஹொடொவின் பழைய கோட்டை வீடு மட்டும் நடுவில் தப்பியது, இப்போது கலைக்கூடம், காபிக் கடை. 1980-இல் மெட்ரோ வந்தபோது ஹாயே நிலையத்துக்குக் "கொஸ்மொனாட்டூ", விண்வெளி வீரர்கள் என்று பெயர். ஹொடொவுக்கு "புடொவாடெலூ", கட்டுமானத் தொழிலாளர்கள். 1988-இல் வந்த ஜினொனிட்சே நிலையத்துக்கு ஒரு கம்யூனிஸ்ட் தலைவர் பெயர். 1990-இல் அந்தப் பெயர்களைக் கழற்றிவிட்டு, என்ன வைக்கலாம் என்று பார்த்தால், கிராமப் பெயர்தான் கைவசம் இருந்தது. ஹாயே கிராமத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் மெட்ரோவில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "ஹாயே" என்று அறிவிக்கிறார்கள்!

#18 லீஷென்வாசி

நான் கேட்ட சின்னக் கேள்விக்கு இத்தனை வெளிச்சம். சரி, இன்னொன்று. பிடிக்காவிட்டால் இந்த ஊர்கள் பிரிந்து போகலாமா? எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் வேலைக்காக ஐந்து மாதம் தோண்டிப் போட்டார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் "தனியாகப் போனால்தான் உருப்படுவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

#19 சட்டப்புத்தகம்

போகலாம், ஆனால் 1990-களில் இருந்த சுளுவு இப்போது இல்லை. 1989-இல் செக் பகுதியில் சுமார் 4,100 ஊராட்சிகள். இன்று 6,250 சுற்று. அந்த முதல் சில வருடங்களில் ஆயிரக்கணக்கில் பிரிந்தன. ஒஸ்த்ராவாவிலிருந்து வ்ரடிமொவ், ஷெனொவ் போயின. லிபெரெட்ஸிலிருந்து ஸ்ட்ராஷ் நாட் நிஸோ போனது.

2000-ஆம் ஆண்டின் 128-ஆம் எண் சட்டம் கடிவாளம் போட்டது. பிரியும் பகுதிக்குச் சொந்தமாகக் கடாஸ்ட்ரல் பகுதி இருக்க வேண்டும். அது குறைந்தது இரண்டு ஊராட்சிகளை ஒட்டியிருக்க வேண்டும், அல்லது ஓர் ஊராட்சியையும் அயல்நாட்டு எல்லையையும். நிலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பிரிந்தபின் குறைந்தது 1,000 குடிமக்கள் இருக்க வேண்டும். பிரிய நினைக்கும் பகுதியில் வாக்கெடுப்பு நடத்தி வெல்ல வேண்டும். அப்புறம் மாநில அலுவலகம் முடிவு செய்யும்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தம்பி படிக்கிற க்ராலோவோ போலேவைச் சுற்றிலும் பிர்னோவின் மற்ற பகுதிகள்தான். எத்தனை கோபம் வந்தாலும் அது வெளியேற முடியாது, வெளியேற வாசலே இல்லை. ஓரத்தில் உள்ள ஒர்ஷெஷீனுக்கு வாசல் இருக்கிறது, ஆயிரம் பேர் இல்லை. லீஷெனுக்கு இரண்டும் இருக்கிறது. சுமார் 27,000 பேர், கிழக்கில் பொடொலி மாதிரி வேறு ஊராட்சிகள். தாளில் பார்த்தால் போகலாம்.

இந்தச் சட்டத்துக்குப் பிறகு பிரிந்ததற்கு ஓர் உதாரணம் ஜெலெஹொவிட்சே, ஸ்லீன் நகரத்திலிருந்து 2009 ஜனவரியில் தனி ஊராட்சியானது.

லீஷென்வாசி பார்த்த அந்த ஒரு வரி இருக்கிறதே, "கடாஸ்த்ரால்னி ஊஸெமீ: லீஷென்", பிரிவதற்கான முதல் நிபந்தனையே அதுதான். அந்த வரி இல்லாத ஊர் வாக்கெடுப்பைப் பற்றி யோசிக்கவே முடியாது.

#20 ஒஸ்த்ராவா_கரி

போய்த்தான் பார்க்கட்டுமே. பிராகா, பிர்னோ, ஒஸ்த்ராவா, பிள்ஸென், இந்த நான்கு நகரங்களுக்கும் வரிப் பங்கீட்டில் தலைக்கு அதிகம் கிடைக்கும்படிதான் சூத்திரமே. உள்ளே இருந்தால் அந்தப் பெரிய பானையிலிருந்து அகப்பையில் வரும். வெளியே போனால் சொந்தப் பானை, ஆனால் சின்னது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பஸ்ஸுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேளுங்கள்.

#21 சட்டப்புத்தகம்

நியாயம்தான். ஆனால் மறுபக்கமும் உண்டு. பிர்னோவில் நகரப் பகுதிக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. சொத்து நகரத்துடையது, பகுதிக்கு ஒப்படைத்திருக்கிறார்கள், அவ்வளவே. தலைவர், பேரவை, கொடி, சின்னம் எல்லாம் இருக்கும், பழைய ஊர்க் கட்டடத்தை விற்கவோ வைத்துக்கொள்ளவோ கடைசி வார்த்தை அவர்களுடையது இல்லை. பிராகா பகுதிகளுக்கு இதில் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. லிபெரெட்ஸ் இன்னும் வினோதம். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1875-இல் பிறந்த வ்ராடிஸ்லவிட்சே ஒன்றுக்கு மட்டும் தனிப் பேரவை, மற்ற எந்தப் பகுதிக்கும் இல்லை.

#22 பழையவரைபடம்

சட்டம், பணம் எல்லாம் சரி. லீஷென்வாசி, உங்கள் ஊரில் "ஹொடி" வரும்போது ஒருமுறை வெளியே வந்து நில்லுங்கள். கோயில் திருவிழா. பல மீட்டர் உயர ஊசியிலை மரத்தைப் பட்டை உரித்து, உச்சியில் மட்டும் பச்சைக் கொத்தை விட்டு, நாடா கட்டி, ஆட்கள் சேர்ந்து கழிகளால் முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். "மாயா" என்று பெயர். நம் ஊர் மாயை இல்லை, மே மாத மரம். இளவட்டங்கள் ஜோடி ஜோடியாக ஊர் உடையில் வருவார்கள். பெண்கள் பாவாடைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருப்பார்கள், நடக்கும்போது சரசரக்கும். பின்னால் பித்தளை வாத்தியக் குழு.

பிர்னோவின் ஓரத்துப் பகுதிகளில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இதை நடத்துகிறது. பக்கத்துப் பகுதியின் ஹொடிக்குப் போனால் விருந்தாளி. ஒருமுறை துரானியில் ஒரு பையனிடம் "நீங்களும் லீஷெனும் ஒரே உடைதானே?" என்று கேட்டுவிட்டேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அவன் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்பே இரண்டும் ஒரே நகரம்!

தன்னார்வத் தீயணைப்புக் குழுவும் இப்படித்தான். ஊராட்சி போய்விடும், ஆனால் அந்தக் குழுவும் அதன் கொட்டகையும் போவதில்லை.

#23 கார்த்தூசியன்

க்ராலோவோ போலே ஆட்கள் அப்படி ஒன்றும் செய்து நான் பார்க்கவில்லையே. அப்படியானால் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊர்கள் கரைந்தன, தூரத்து ஊர்கள் கரையவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

#24 பழையவரைபடம்

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. கொமீன் பகுதிக்குப் போய்ப் பார். கொமீன் என்றால் புகைபோக்கி. 1919-லேயே சேர்ந்த ஊர். அங்கே ஒரு தெருவின் பெயர் "ஹ்லாவ்னி", பிரதான வீதி. நகரத்துக்கு அது எந்த வகையிலும் பிரதானம் இல்லை. கொமீனுக்கு அதுதான் பிரதானம். ஒரே பெயரில் பல தெரு இருந்தால் குழப்பம் என்று இணைப்புக்குப் பின் எத்தனையோ பெயர்களை மாற்றினார்கள், இது மட்டும் அப்படியே நிற்கிறது. ஜபோவ்ர்ஷெஸ்கி என்ற பெயரைப் பார், தவளை கத்தும் இடத்துக்காரர்கள் என்று பொருள். இப்போது அங்கே தவளை இல்லை, கார்தான் கத்துகிறது.

#25 லீஷென்வாசி

நேற்று பாட்டியிடமே கேட்டுவிட்டேன், நாமும் பிர்னோதானே என்று. சிரித்தார். பிறகு அலமாரியைத் திறந்து இரண்டு கோட்டுகளைக் காட்டினார். ஒன்று முழங்கையில் ஒட்டுப் போட்டது, தோட்டத்துக்கும் ரொட்டிக் கடைக்கும். இன்னொன்று அன்று போட்டிருந்தது. அவர் அம்மா சொல்வாராம், பிர்னோவுக்குப் போனால் தலையை மூடாமல் போகக்கூடாது என்று. அம்மா முக்காடு கட்டிக்கொண்டு போனார், இவர் தொப்பிக்கு மாறிவிட்டார். நகரத்துக்குள் ஊரைச் சேர்த்ததைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்களிடம் யாரும் கேட்கவில்லையே" என்றார், கோபமே இல்லாமல். ட்ராம் வந்தது நல்லதுதான் என்றும் சொன்னார், ஆனால் அது புது வீடுகளோடு நின்றுவிடுகிறதாம், அங்கிருந்து பஸ் மாற வேண்டியிருக்கிறதாம்.

வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். பதிவுத் தாளில் "லீஷென்" என்ற வரியை இந்த முறை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

வருகிற சனிக்கிழமை சந்தைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்றேன். என் ஜாக்கெட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிர்னோவுக்கு இதோடா?" என்று கேட்டார்.

#26 வினொஹ்ராடியில்_தேநீர்

நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. தொப்பியும்.